லேப்பில் சேர்க்கும் முன்பே சொல்லிவிடுங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சி செய்ய வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு விசா, இன்சூரன்ஸ், வரி என்று எல்லாவற்றையும் உட்காரவைத்துச் சொல்லித் தருகிறார்கள். எக்ஸ்போர்ட் கன்ட்ரோல், அதாவது முக்கியமான தொழில்நுட்பம் வெளிநாட்டுக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் சட்டம், என்று வந்தால் மட்டும் பல இடங்களில் ஒரு ஆன்லைன் பயிற்சியோடு சரி. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு.

இந்தச் சட்டத்தில் சிக்க எந்தப் பொருளும் கடல் தாண்ட வேண்டியதில்லை. அமெரிக்க வணிகத் துறையின் ஈஏஆர் விதிப்படி, கட்டுப்பாட்டில் உள்ள தொழில்நுட்பத்தை அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு வெளிநாட்டவருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் அவர் நாட்டுக்கு ஏற்றுமதி செய்ததாகத்தான் கணக்கு. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது, எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்குப் பொருந்தும். ராணுவத் தொழில்நுட்பத்துக்கான ஐட்டார் விதிகள் இன்னும் கண்டிப்பு. முன்பு எந்த நாட்டுக் குடியுரிமை இருந்தது என்பதையும் அது பார்க்கும்.

டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ரீஸ் ராத் வழக்கு பலருக்குத் தெரிந்திருக்கும். ஆளில்லா விமானங்களுக்கான பிளாஸ்மா தொழில்நுட்பம், விமானப்படையின் பணம். அதில் எதுவும் அரசு ரகசியம் என்று முத்திரை குத்தப்பட்டதல்ல. சீன, ஈரானிய மாணவர்களை அதில் வேலை செய்யவிட்டார், கோப்புகளோடு சீனாவுக்கும் போய்வந்தார். பல்கலைக்கழக அதிகாரி முன்கூட்டியே எச்சரித்திருந்தார். 2009-இல் 4 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள்.

ஆகவே விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1985-இல் ரீகன் அரசு பிறப்பித்த என்எஸ்டிடி-189 உத்தரவு நியாயமான ஒரு கோட்டைப் போட்டது: அடிப்படை ஆராய்ச்சியின் முடிவுகள் முடிந்தவரை தடையின்றி வெளிவர வேண்டும், பாதுகாப்புக்காகக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும் என்றால் ரகசியம் என்று அறிவித்துச் செய்ய வேண்டும். அடிப்படை ஆராய்ச்சிக்கான அந்த விலக்கு இன்றும் இருக்கிறது. ஆனால் ஒரு கையெழுத்தில் போய்விடும். "எங்கள் ஒப்புதல் இல்லாமல் கட்டுரை வெளியிடக் கூடாது" என்று ஆராய்ச்சிக்குப் பணம் தரும் ஸ்பான்சர் கேட்டு, இந்தப் பக்கம் ஒத்துக்கொண்டால் போச்சு. (காப்புரிமை விவரம் வெளியே போகிறதா என்று பார்க்க மட்டும் கொஞ்ச நாள் அவகாசம் கேட்பது வேறு, அதனால் பாதிப்பில்லை.) கையெழுத்துப் போடுபவர்கள் பேராசிரியரும் நிர்வாகமும். ஒப்பந்தத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மாணவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

எனக்குத் தெரிந்த ஒரு லேப்பில், வாராந்திரக் கூட்டத்தின் பாதியில் இரண்டு மாணவர்களை வெளியே போகச் சொன்னார்கள். அடுத்த ஸ்லைடுகள் ஸ்பான்சர் வேலையாம். இருவரும் லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தார்கள். அதில் ஒருவர் மூன்றாம் ஆண்டு மாணவர். அவர் எடுத்த அளவீடுகளை வைத்துத்தான் அந்த வேலையே தொடங்கியது. அப்புறம் அதே தலைப்பில் அவர் ஆய்வேட்டை எப்படி எழுதுவார்? பாதுகாப்பு பெரிது, சரி. அதை முதல் வருடமே சொல்லியிருந்தால் அவர் வேறு தலைப்பை எடுத்திருப்பார், நாட்டுக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

சேர்க்கைக் கடிதத்தோடு ஒரே ஒரு பக்கம் போதும்: இந்த லேப்பில் வெளியீட்டுத் தடையுள்ள ஒப்பந்தம் இருக்கிறதா, குடியுரிமை நிபந்தனை இருக்கிறதா, சியூஐ (ரகசியம் அல்ல, ஆனால் கட்டுப்படுத்தப்பட்ட அரசுத் தகவல்) என்று குறிக்கப்பட்ட தரவு வருகிறதா, என் ஆய்வேடு அதில் எதையாவது சார்ந்திருக்குமா. அதுவரை, சேரப்போகும் தம்பி தங்கைகள் இந்த நான்கையும் மின்னஞ்சலிலேயே கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். பேராசிரியருக்குத் தெரியவில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் எக்ஸ்போர்ட் கன்ட்ரோல் அலுவலகத்துக்கே எழுதலாம், மாணவர் கேட்டாலும் பதில் சொல்வது அவர்கள் வேலைதான்.