நம்ம ஊர்க் காகிதம் நம்ம ஊரிலேயே இருக்கட்டும்

ராமநாதபுரம் கடற்கரையின் வரலாற்றை எழுத யாராவது கிளம்பினால் முதலில் சென்னை எழும்பூரில் இருக்கிற அரசு ஆவணக் காப்பகத்துக்கு ரயில் ஏற வேண்டும். அப்புறம் விமானம். டச்சுக் கம்பெனி கீழக்கரையில் பண்டகசாலை வைத்து வியாபாரம் செய்த காலத்துக் கடிதங்கள் ஹேக் நகரத்தில் இருக்கின்றன. வேதாளையிலும் ஓரியூரிலும் நடந்ததைப் பற்றி ஏசு சபைப் பாதிரிமார்கள் எழுதியவை ரோமாபுரியில். வெள்ளைக்காரக் கலெக்டர்கள் எழுதித் தள்ளியது லண்டனில் கொஞ்சம், எழும்பூரில் கொஞ்சம். அரண்மனைச் சங்கதியாவது ஓரளவு தப்பித்தது. எஸ்.எம். கமால் ஐயா போல இந்த மண்ணிலேயே இருந்து சேதுபதிகளின் செப்பேடுகளைத் தேடித் தொகுத்தவர்கள் இருந்தார்கள். இராமலிங்க விலாசம் அரண்மனை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

நான் கேட்பது சாதாரண ஜனங்களின் காகிதத்தை. கமிஷன் கடைப் பேரேடு, ஜமாஅத் நிக்காஹ் புத்தகம், சர்ச் ஞானஸ்நானப் பதிவேடு, பஞ்சாயத்துத் தீர்மான நோட்டு, ஸ்டூடியோக்காரர் பெட்டியில் கிடக்கும் நெகட்டிவ், ஐஸ் கம்பெனி ரசீது, படகு கட்டிய ஆசாரியின் கணக்கு. இதெல்லாம் யார் கையில் இருக்கிறது? வீட்டில் மூத்தவர் கண்ணை மூடியதும் பெரும்பாலும் பழைய பேப்பர் கடையின் தராசுக்குப் போகிறது. கிலோ கணக்கில் ஒரு ஊரின் நினைவு போய்க்கொண்டிருக்கிறது. இதைத் தடுக்க ஊருக்கு ஊர் ஒரு ஆவணக் காப்பகம் வேண்டும், அதுவும் ஊருக்குள்ளேயே வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு வேண்டிய ஒரு காக்கா (அண்ணன் முறை) வீட்டில் பழைய சங்குக் கடைப் பேரேடு ஒன்று இருக்கிறது. சிவப்புத் துணி ஒட்டிய அட்டை, தையல் விட்டுப்போன முதுகு. பக்கத்துக்குப் பக்கம் மேலே 786. கீழே சங்கு குளிக்கிற ஆட்களின் பெயர், ஊர், வாங்கிய முன்பணம், கொண்டுவந்து போட்ட சங்கு, பாக்கி. இங்கே எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாகிக் கல்யாணப் பெண்களின் கையில் ஏறியது என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். அந்த வியாபாரத்தின் அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியவன் யார் என்பது இந்தப் பேரேட்டில்தான் இருக்கிறது. ஒரு பெயருக்கு நேரே பாக்கித் தொகையை அடித்துவிட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘மௌத்து, தள்ளுபடி’ என்று எழுதியிருக்கிறது. அந்த மனிதர் இருந்தார், கடன் வாங்கினார், இறந்தார் என்பதற்கு இந்த ஒரு வரியைத் தவிர வேறு சாட்சி இருக்குமா என்பது சந்தேகம்தான். அட்டைக்குள் ராமபாணப் பூச்சி இறங்கிவிட்டது. உப்புக் காற்று பட்டுத் தாள் ஓரமெல்லாம் பொடிகிறது.

இன்னொன்று கடிதங்கள். நம் ஊர் ஆண்கள் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று சபராளிகளாகப் போய் வருஷக்கணக்கில் திரும்பாத காலம் அது. குர்ஆன் ஓதப் பழகிய பெண்களுக்கு அரபு எழுத்து தெரியும், பள்ளிக்கூடம் போகாததால் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியவர்கள் அரபுத்தமிழில் எழுதிய மார்க்க நூல்களைப் பற்றி ஆய்வு செய்கிறார்கள். நல்லது. ஆனால் அதே எழுத்தில் ஒரு பெண், “பிள்ளைக்குக் காய்ச்சல், பணம் அனுப்பவில்லை, மாமி பேசுவது பொறுக்கவில்லை” என்று புருஷனுக்கு எழுதிய கடிதத்தை யார் பத்திரப்படுத்துகிறார்கள்? நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடற்கரைப் பெண் தன் வாயால் பேசியது வேறு எங்கே பதிவாகியிருக்கிறது? அந்த எழுத்தைச் சரளமாக வாசிக்கிறவர்கள் எல்லாம் இன்று வயசானவர்கள். கடிதம் கையில் இருந்தும் வாசிக்க ஆள் இல்லாத நிலைமை வரப்போகிறது. வாசிக்கத் தெரிந்த உம்மாக்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியெடுத்தால்தான் உண்டு. அதற்கு அவர்கள் நடந்து வருகிற தூரத்தில் காப்பகம் இருக்க வேண்டும். சென்னையில் எவ்வளவு நல்ல கட்டிடம் கட்டினாலும் இந்த வேலை அங்கே நடக்காது.

மண்டபம் முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளிகளை நிறுத்திவைத்து, அம்மை குத்தி, நோய் சோதித்துக் கப்பலேற்றிய இடம் அது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் ஓடத் தொடங்கியபிறகு, திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்த குடும்பங்கள் இந்த வாசல் வழியாகத்தான் கடல் தாண்டின. அப்புறம் 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்தானது. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் வந்து, அங்கிருந்து நீலகிரி, கொடைக்கானல் என்று சிதறினார்கள். 1983-க்குப் பிறகு அதே முகாமுக்கு அகதிகள் வந்தார்கள். போனவர், திரும்பியவர், உயிர் தப்பி வந்தவர் என்று மூன்று காலத்து மனிதர்களின் பெயர்களும் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

இன்று கூடலூரிலோ கோத்தகிரியிலோ ஒரு பேரப்பிள்ளை, எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள நினைத்தால் யாரைக் கேட்பது? சாதிச் சான்றிதழுக்கும் குடியுரிமைக்கும் அலைகிறவர்களுக்கு இது வெறும் ஆசை கிடையாது, வயிற்றுப் பிரச்சினை. முகாமின் பழைய பதிவேடுகளை, அகதிகளின் பாதுகாப்புக்குக் குந்தகம் வராத அளவுக்காவது வரிசைப்படுத்தி, தேடுகிறவர்களுக்குக் கிடைக்கிற மாதிரி வைக்க வேண்டும். கேட்க ஆள் இல்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் வீட்டுக்கு வீடு ஒரு மஞ்சப்பை உண்டு. படகின் பதிவுச் சான்று, மீன்துறை டோக்கன், எப்.ஐ.ஆர். நகல், இலங்கைக் கோர்ட்டுத் தாள், கலெக்டரிடம் கொடுத்த மனுவின் ரசீது எல்லாம் அதில் இருக்கும். கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் உடல் கிடைக்காவிட்டால், சட்டப்படி இறந்ததாகக் கருத ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு வருஷமும் அந்தப் பெண் சுமப்பது இந்தப் பையைத்தான். நாற்பது வருஷத்துக் கடல் பிரச்சினையைப் பற்றி டெல்லியிலும் கொழும்பிலும் ஆயிரம் பக்கம் எழுதியிருப்பார்கள். எங்கள் பக்கத்துச் சாட்சி இந்த மஞ்சப்பைகளில்தான் இருக்கிறது. இதை நகலெடுத்து வைக்க ஒரு இடம் வேண்டாமா? கச்சத்தீவுப் பேச்சு எழும்போதெல்லாம் ராமநாதபுரம் ஜமீன் ஆவணங்களைத்தானே முதலில் தேடி ஓடுகிறோம்? காகிதம் இருப்பவன் சொல்லுக்குத்தான் சபையில் மதிப்பு.

தனுஷ்கோடியைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலைப் பற்றியும் ரயில் கடலோடு போனதைப் பற்றியும் வீடியோ போடாத ஆள் இல்லை. இடிந்த சர்ச்சுக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறவர்களில் ஒருவராவது அந்த ஊரில் யார் யார் குடியிருந்தார்கள், எந்தத் தெருவில் எந்தக் கடை இருந்தது என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லக்கூடிய கிழவர்கள் ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் இன்னும் சிலர் மிச்சம். அவர்களைக் கேட்டு ஒரு தெரு வரைபடமாவது போட்டு வைக்கலாம். அதையும் நாளைக்கு என்று தள்ளினால் கேட்க ஆள் இருக்காது.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். கிழக்கு லண்டனில் டவர் ஹாம்லெட்ஸ் என்று ஒரு நகரப் பிரிவு. துறைமுகக் கூலிகளும் பிழைக்க வந்தவர்களும் நிறைந்த ஏழைப் பகுதியாக இருந்த இடம். ஸ்டெப்னி, போப்லர், பெத்னல் கிரீன் என்ற மூன்று பழைய பிரிவுகளை 1965-ல் ஒன்றாக்கி உருவானது. பான்கிராஃப்ட் சாலையில் அந்தப் பகுதிக்கென்றே ஒரு காப்பகம் வைத்திருக்கிறார்கள். வீட்டு வரிப் புத்தகம், கவுன்சில் தீர்மானம், தெருப் படம், தேர்தல் நோட்டீஸ், சாதாரணக் குடும்பத்தின் போட்டோ என்று எல்லாம் அங்கே சேர்கிறது. வங்காளதேசத்திலிருந்து போய்க் குடியேறியவர்களின் வரலாறும் அதோடு சேர்ந்துவிட்டது. 1921-ல் போப்லர் கவுன்சிலர்கள் 30 பேர், ஏழைகள் தலையில் அநியாயமாக ஏறுகிற வரியை வசூலித்துத் தரமாட்டோம் என்று நின்று ஜெயிலுக்குப் போனார்கள். அந்தப் பகுதிக் கவுன்சிலின் தீர்மானப் புத்தகத்தைக்கூட வேண்டாத குப்பை என்று நினைக்காமல் காப்பாற்றியிருக்கிறார்கள்.

லண்டனில் காசு இருக்கிறது, நமக்கு ஏது என்பீர்கள். அப்படியானால் எதிர்க்கரையைப் பாருங்கள். யாழ்ப்பாண நூலகம் 1981-ல் எரிந்தது. 97,000 புத்தகங்கள் சாம்பலானதன் வலி என்ன என்று அவர்களுக்குத் தெரியும். 2005-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தில் இன்று இலங்கைத் தமிழர்களின் புத்தகம், பத்திரிகை, சிறப்பு மலர், ‘கல்வெட்டு’ என்று அவர்கள் சொல்கிற, இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு மலர் என்று கிடைக்கிறது. யுத்தத்துக்கு நடுவிலும் அவர்கள் செய்ததை நாம் ஏன் செய்யவில்லை என்பதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.

நம்மிடம் இருக்கிற அமைப்பே இதற்குப் போதும். ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் என்று மாவட்டத்தில் நாலு நகராட்சி. பொது நூலகச் சட்டத்தை 1948-லேயே கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. சொத்து வரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். கிளை நூலகத்தில் ஒரு அறை, நாலு இரும்பு பீரோ, ஒரு ஸ்கேனர், முறையாகப் பயிற்சி பெற்ற ஒரு ஆள். ஆரம்பத்துக்கு இவ்வளவுதான். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுத்து நிரந்தரமாக வைக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆர்வலர்களை நம்பித் தொடங்கிய காரியம் அந்த ஆர்வலர் துபாய்க்குப் போனதோடு நின்றுபோவதை நாம் நிறையப் பார்த்துவிட்டோம்.

அரசு அலுவலகங்களிலும் ஒரு கண் வைக்க வேண்டும். கோப்பு முடிந்ததும் எல்.டிஸ். என்று முத்திரை விழுந்தால் ஒரு வருஷம், டி.டிஸ். என்றால் பத்து வருஷம், ஆர்.டிஸ். என்றால்தான் நிரந்தரம். குடிதண்ணீர்க் குழாய் கேட்டு ஒரு தெரு ஜனங்கள் கைநாட்டு வைத்துக் கொடுத்த மனு எந்த வகையில் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கழிக்கிற கோப்புகளை அழிக்கும் முன் ஊர்க் காப்பகத்து ஆள் ஒருமுறை பார்க்கட்டும் என்று ஒரு உத்தரவு போதும்.

“ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல ஏத்திட்டா முடிஞ்சது, எதுக்கு ரூம்?” என்கிறார்கள் தம்பிமார்கள். ஸ்கேன் அவசியம்தான். ஆனால் அசலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹார்டு டிஸ்க்கை நம்புவது ஆபத்து. தவிர, எல்லாவற்றையும் உலகமே பார்க்கத் திறந்துவிடவும் கூடாது. மேலே சொன்ன பெண்களின் கடிதம் குடும்ப மானம் சம்பந்தப்பட்டது. கொடுக்கிற குடும்பமே, இன்னும் ஐம்பது வருஷத்துக்கு யாருக்கும் காட்டாதே என்று நிபந்தனை போடலாம், அசலை வைத்துக்கொண்டு நகல் மட்டும் கொடுக்கலாம். இந்த நம்பிக்கை முகம் தெரிந்த ஊர்க்காரரிடம்தான் வரும். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்த சேகரிப்பு சென்னைக்குப் போய் அருமையான ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அது தப்பியதில் எனக்கு மனம் நிறைந்த சந்தோஷம். ஆனாலும் பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் அதை வைத்துக் காப்பாற்ற ஒரு இடம் இல்லாமல் போனதே என்ற ஆதங்கமும் உண்டு.

ஒரு பயமும் இருக்கிறது. ஊர் வரலாறு என்று தொடங்கினால் நம் ஆட்கள் பெரிய வீட்டுப் பெருமையிலும் நூற்றாண்டு மலரிலும் போய் நிற்பார்கள். அந்த மலர்களில் பாதிப் பக்கம் மந்திரிகளின் வாழ்த்துரை. எனக்கு அதில் உருப்படியாகத் தெரிவது கடைசிப் பக்க விளம்பரங்கள்தான். எந்த வருஷம் எந்தத் தெருவில் யார் என்ன கடை வைத்திருந்தார் என்று அதில்தான் இருக்கும். காப்பகம் மரைக்காயர் வீட்டுக்கு மட்டும் சொந்தமாகக் கூடாது. சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிற பெண்களும், வாலிநோக்கத்து உப்பளத் தொழிலாளியும், கரிமூட்டம் போடுகிறவரும், சேரித் தெரு இளைஞர் மன்றத்தின் வரவு செலவு நோட்டும் அதில் இடம்பெற வேண்டும். அவர்களிடம் காகிதம் குறைவாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள், பெயர், ஊர், தேதியோடு.

காப்பகம் வரும்வரை வீட்டில் இருப்பதைக் காப்பாற்றுங்கள். பழைய பத்திரத்தை லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், பசை ஊறித் தாளைக் கெடுத்துவிடும். போட்டோவின் பின்னால் பென்சிலில் பெயர் எழுதி வையுங்கள். அந்தச் சின்னக் குழந்தை யார் என்று சொல்ல உங்கள் வாப்பாவுக்கு இன்று தெரியும்.

கீழக்கரை நகராட்சிக் கவுன்சிலர்கள் சிலர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: நூலகத்தில் ஒரு அறை, ஒரு பணியிடம், பழைய தீர்மானப் புத்தகங்களை அங்கே ஒப்படைக்க அனுமதி. மனுவை நான் எழுதித் தருகிறேன். கையெழுத்துப் போட விரும்பும் ஊர்க்காரர்கள் கீழே பெயரும் தெருவும் போடுங்கள்.