கணிதத்தைக் கைவிடச் சொல்லாதீர்கள்

மருத்துவர் ஆக விரும்பும் மாணவர்கள் உயர்நிலைப் பள்ளியில் உயிரியலையும் வேதியியலையும் ஆழமாகப் படித்தால் போதும், கணிதம் அவ்வளவு முக்கியமில்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முதல் பாதி சரி. இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

1000 பேரில் ஒருவருக்கு மட்டுமே இருக்கும் ஒரு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான பரிசோதனை நோய் உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் 99 சதவீதம் சரியான முடிவைத் தரும் என்று வைத்துக்கொள்வோம். 1000 பேரைப் பரிசோதித்தால், நோயுள்ள அந்த ஒருவரோடு நோயே இல்லாத சுமார் 10 பேருக்கும் 'இருக்கிறது' என்றே வரும். அந்த 11 பேரில் உண்மையான நோயாளி ஒருவர்தான்! இந்தக் கணக்கு பிடிபடாத மருத்துவர் மற்ற பத்துக் குடும்பங்களையும் வீணாகக் கலங்கடித்துவிடுவார். நிகழ்தகவும் புள்ளியியலும் பள்ளியிலேயே மனதில் பதிய வேண்டும்.

இயற்பியலும் அப்படித்தான். குழாயின் ஆரம் பாதியானால், அழுத்தம் மாறாத நிலையில், சீராக ஓடும் திரவத்தின் அளவு பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடும். ரத்தக்குழாய் சுருங்குவது ஏன் அவ்வளவு ஆபத்து என்பது இதிலேயே விளங்கும்.

மொழிப்பாடத்தைக் கட்டுரை தொடவே இல்லை. பயந்துபோயிருக்கும் ஒருவருக்கு அவருடைய நோயைப் புரியும்படி எடுத்துச் சொல்வதும் மருத்துவர் வேலைதானே?

பெற்றோருக்கு ஒன்று: சேர்க்கை விதிகள் நாட்டுக்கு நாடு, கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பாடப்பிரிவை முடிவு செய்யும் முன்பே அவற்றைப் படித்துவிடுங்கள்.