கால் வலி எல்லாம் நரம்பு வலி இல்லை

'நரம்பு ஊசி' என்று நாம் சொல்வது உண்மையில் ரத்தக்குழாயில் போடுகிற ஊசி. பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், அதனாலேயே கால் வலி என்றதும் "நரம்பு இழுக்குது" என்று முடித்துவிடுகிறோம். என் அப்பா விஷயத்தில் ஒரு வருடம் அப்படித்தான் வீணாகப் போனது.

அவருக்கு 64 வயது, நாற்பது வருடப் பீடிப் பழக்கம். சந்தைக்கு நடந்தால் பாதி வழியில் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும், இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். ஸ்கேனில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) கொஞ்சம் பிதுங்கியிருந்தது, உடனே சயாட்டிகா, அதாவது முதுகில் நரம்பு அழுந்திக் காலுக்கு இறங்கும் வலி என்று எழுதி பெல்ட்டும் மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த வயதில் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல் ஜவ்வு பிதுங்கித்தான் இருக்கும்! பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

அப்புறம் வேறொரு டாக்டர் கேட்டார், "வலி வந்தா உட்காரணுமா, சும்மா நின்னாலே போதுமா?" முதுகெலும்புக்குள் இடம் குறுகி நரம்பு நெரிபட்டால் பெரும்பாலும் உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் குறையும். நின்றாலே விடுகிற வலி என்றால் ரத்த ஓட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தார். 0.9க்குக் கீழே போனால் காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைப்பு என்று அர்த்தம், அப்பாவுக்கு 0.6.

சரி, கொழுப்புக்கும் நிஜமான சயாட்டிகாவுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கலாம். பெரியவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக்குழாய் கிடையாது, பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வரும் சத்துதான் அதற்குச் சாப்பாடு. அந்த எலும்புக்கு ரத்தம் கொடுக்கும் சிறு குழாய்கள் வயிற்றுப் பெருந்தமனியின் பின்சுவரிலிருந்து கிளம்புகின்றன, கொழுப்பு சீக்கிரமே படிகிற இடங்களில் அதுவும் ஒன்று. ஃபின்லாந்தின் லீனா கௌப்பிலா இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊர் மக்களை வைத்து அவர் செய்து 1997இல் வந்த ஆய்வு, 25 வருடத் தகவல்களை வைத்து, பெருந்தமனியில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்கு ஜவ்வுத் தேய்மானமும் முதுகு வலியும் அதிகம் என்று காட்டியது.

ஆனால் இதை வைத்துக் கொலஸ்ட்ரால் மாத்திரை சயாட்டிகாவைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புகை, சர்க்கரை, தொப்பை எல்லாம் ரத்தக்குழாய், ஜவ்வு இரண்டையும் சேர்த்தே கெடுக்கக்கூடியவை. அதைவிட எனக்குக் கோபம் வருவது, "அந்த மாத்திரைதான் கால் வலிக்குக் காரணம், நிறுத்திடுங்க" என்று டாக்டரிடம் கேட்காமலே யோசனை சொல்கிறவர்கள் மேல். அப்பா அப்படி நிறுத்தியவர்தான்.

இப்போது மாத்திரை தொடர்கிறது, பீடி இல்லை. வலி வரும்வரை நடை, நின்று ஓய்வு, மறுபடி நடை, இதுதான் அவருக்குச் சொன்ன பயிற்சி. போன வாரம் சந்தைவரை நிற்காமல் போய்விட்டார்.