மறுபடி குடிச்சிட்டாரா? சரி, அடுத்து என்ன செய்யலாம்?

ஒருவர் குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக வேலைக்குப் போகிறார், பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிறார், அடகில் இருந்த நகையில் ஒன்றிரண்டைக்கூட மீட்டுவிட்டார். அப்புறம் ஒரு கல்யாணத்தில் மண்டபத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த காரில் யாரோ ஊற்றிக் கொடுக்க, மறுபடி ஆரம்பித்துவிட்டார். சொந்தபந்தம் முழுக்க அன்றைக்கு ஒரே தீர்ப்புதான்: "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" சிகிச்சைக்குக் கட்டிய பணம் தண்டம் என்பார் மைத்துனர். "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லவும் நாலு பேர் இருப்பார்கள், அவர்களுக்கு எல்லாமே அப்பவே தெரியும். அந்த எட்டு மாதம் மட்டும் யார் கணக்கிலும் வராது.

இந்தத் தீர்ப்பின் மேல்தான் எனக்குக் கோபம். குடிக்கிறவர் மேல் கோபமே இல்லையா என்று கேட்காதீர்கள், அதுவும் நிறைய உண்டு, எங்கள் சித்தப்பா ஒருவரே போதும் அதற்கு. ஆனால் குடிநோய் உள்ள வீடுகளைப் பல வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: மறுபடி குடித்த அந்த நாளைவிட, அதற்கு அடுத்த பத்துப் பதினைந்து நாளில் வீடும் மருத்துவமனையும் அவரை எப்படி நடத்துகின்றன என்பதில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கிறது. அந்தப் பதினைந்து நாளை நாம் திட்டியே கழித்துவிடுகிறோம்.

2000-ஆம் ஆண்டில் தாமஸ் மெக்லெல்லன் என்ற ஆய்வாளரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. போதைக்குச் சிகிச்சை எடுத்தவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் மீண்டும் தொடுகிறார்கள். ரத்த அழுத்தமோ ஆஸ்துமாவோ உள்ளவர்களில் 50 முதல் 70 சதவீதம் பேருக்கு அதே காலத்தில் நோய் மறுபடி தலைதூக்குகிறது, மாத்திரையை ஒழுங்காகப் போடாதது, உப்பைக் குறைக்காதது என்று காரணங்களும் கிட்டத்தட்ட ஒரே ரகம். பிபி மாத்திரையை நிறுத்திவிட்டுத் தலைசுற்றி விழுந்த மாமாவிடம் "உனக்குப் பார்த்த வைத்தியமெல்லாம் வீண்" என்று யாரும் சொல்வதில்லை, டாக்டரிடம் கூட்டிப் போகிறோம், டாக்டர் மாத்திரையை மாற்றித் தருகிறார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிபி வந்ததற்காக யாரும் மனைவியை அடிப்பதில்லை, பிள்ளையின் உண்டியலை உடைப்பதில்லை. அதனால் "இதுவும் ஒரு நோய்தான்ம்மா" என்று கவுன்சிலிங் கொடுப்பவர் சொல்லும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகம் இறுகிப் போவதை நான் தப்பு சொல்ல மாட்டேன். நோய் என்று சொல்வது செய்ததற்கெல்லாம் மன்னிப்புச் சீட்டு இல்லை. அடித்தால் அது குற்றம்தான், குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் அதுவும் குற்றம்தான். நோய்க்குச் சிகிச்சை கொடுப்பது ஒரு வேலை, செய்ததற்குப் பொறுப்பேற்க வைப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் நாம் சிகிச்சையையே தண்டனையாக்கி வைத்திருக்கிறோம்.

அப்புறம் சிகிச்சை என்றாலே அட்மிட் ஆகி இருக்கும் அந்தச் சில வாரங்கள்தான் என்று நினைக்கிறோம். முதல் வாரத்தில் நடப்பது உடம்பிலிருந்து சாராயத்தை இறக்கும் வேலை. கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாள் கழித்து இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரிய, உளறலோடு காய்ச்சலும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு அன்றைக்கே மொத்தமாக நிறுத்துகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்வது உண்டு. வீட்டில் சாமி குத்தம் என்று பயப்படுவார்கள், நடந்திருப்பது வெறும் உடம்பு விஷயம். இதற்கு டையஸெபாம், குளோர்டயஸெபாக்ஸைடு போன்ற மாத்திரைகளும் தயமின் என்ற வைட்டமின் ஊசியும் இருக்கின்றன, டாக்டர் பார்த்துக் கொடுத்தால் ஒரு வாரத்தில் உடம்பு தெளிந்துவிடும். மாலை போடுவதை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரு மண்டலம் முழுக்க ஊரே "சாமி" என்று மரியாதையோடு கூப்பிடுகிறது, குடிக்கிற கூட்டாளியும் ஒதுங்கிப் போகிறான், விடியக் காலையில் குளியல், சாயங்காலம் பஜனை என்று நாள் நிறைந்துவிடுகிறது. எந்த மறுவாழ்வு மையமும் பொறாமைப்படும் ஏற்பாடு அது. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே அந்த ஏற்பாடு மொத்தமும் காணாமல் போவதுதான் பிரச்சினை. மையத்திலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வருகிறவருக்கும் இதேதான் நடக்கிறது.

வியட்நாம் போரின்போது அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏராளமானோர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். ஊர் திரும்பினால் என்னாகுமோ என்று அரசே பயந்தது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து போய்ப் பார்த்தபோது, அங்கே அடிமையாக இருந்தவர்களில் இருபதில் ஒருவர் அளவில்தான் முதல் வருடத்தில் மறுபடி அடிமையாகியிருந்தார்கள். அவர்கள் விட்டுவிட்டு வந்தது ஹெராயினை மட்டுமல்ல, அதைச் சுற்றி இருந்த இடத்தையும் ஆட்களையும் பயத்தையும்தான். நம் ஆள் எங்கே திரும்புகிறார்? அதே தெருவுக்கு. பஸ் ஸ்டாப்புக்கும் வீட்டுக்கும் நடுவில் அதே டாஸ்மாக், மத்தியானம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 வரைக்கும். 2003 கடைசியிலிருந்து சில்லறை விற்பனையும் அரசு கையில், 2024-25-இல் மட்டும் 48,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். விற்கிற கடை எங்கே என்று யாருக்கும் வழிகாட்ட வேண்டியதில்லை, டிஸ்சார்ஜ் ஆனவரை மூன்றாவது மாதத்தில் "எப்படிண்ணே இருக்கீங்க, ரிவ்யூவுக்கு வரலையே" என்று போன் செய்து கேட்கத்தான் ஆள் இல்லை. மருத்துவமனைகளுக்குள் 'கலங்கரை' என்ற பெயரில் அரசு போதை மீட்பு மையங்கள் வந்திருப்பது நல்ல விஷயம்தான், ஆனால் அங்கே படுக்கைகளை எண்ணுவதோடு, எத்தனை பேர் ஆறாவது மாதமும் ரிவ்யூவுக்கு வருகிறார்கள் என்றும் எண்ணினால் சந்தோஷப்படுவேன்.

இத்தனைக்கும் மையம் வரைக்கும் போய்ச் சேருகிறவர்களே கொஞ்சம் பேர்தான். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளிவந்த ஆய்வுப்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையை எட்டிப் பார்க்கிறார். உள்நோயாளியாகச் சேர்வது 180 பேருக்கு ஒருவர். அப்படிப் போய்ச் சேர்ந்த அந்த ஒருவரைத்தான் ஒரு தடவை சறுக்கியதும் "இனிமே உனக்கு ஒரு பைசா செலவு பண்ண மாட்டோம்" என்று தள்ளிவிடுகிறோம்.

அடுத்து, "அவருக்கே தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுங்க, குடியை மறந்துடுவார்" என்கிற விளம்பரம். பஸ் பின்னாலும் சுவரிலும் இருந்தது, இப்போது ரீல்ஸிலும் வருகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் என்ற மாத்திரையை வாங்கி இட்லி மாவில் கலப்பவர்களும் உண்டு. சாராயம் உடம்பில் உடையும்போது அசிடால்டிஹைடு என்ற நச்சு வரும், அதைக் கரைக்கிற என்சைமை இந்த மாத்திரை நிறுத்திவிடும். அதனால் அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். இதயம் பலவீனமானவர் செத்தும் போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும்கூட இந்த எதிர்வினை வரலாம். குடிக்கிறவர் தெரிந்தே, சம்மதித்து, ரத்தப் பரிசோதனை செய்து, மனைவி முன்னால் தினமும் போட்டுக்கொண்டால் இதே மாத்திரை சிலருக்கு நல்ல காவல். தெரியாமல் கொடுத்தால் விஷம். அந்த விஷயம் வெளியே தெரிந்த பிறகு அந்த வீட்டில் அவர் கைநனைத்துச் சாப்பிடுவாரா, அதையும் யோசியுங்கள். குடிக்கும் ஆசையையும் அதில் கிடைக்கும் சுகத்தையும் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன. மறுபடி குடித்துவிட்டு வருகிறவரிடம் டாக்டர் பேச வேண்டிய முதல் விஷயங்களில் இதுவும் ஒன்று, ஆனால் பல மையங்களில் முதலில் கிடைப்பது லெக்சர்.

ஆலன் மார்லட் என்று ஒரு உளவியலாளர், சியாட்டிலில் இருந்தவர், மறுபடி குடித்தவர்களிடம் உட்கார்ந்து கடைசி நேரத்தில் சரியாக என்ன நடந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். ஏறத்தாழ முக்கால்வாசி மூன்றே ரகத்தில் அடங்கிவிட்டது: மனசு சரியில்லாமல் இருந்தது, யாருடனோ சண்டை, கூட இருந்தவர்களின் வற்புறுத்தல். அவர் சொன்ன இன்னொன்று இன்னும் முக்கியம். முதல் டம்ளர் உள்ளே போனதும் "போச்சு, எல்லாம் போச்சு, இனி என்ன இருக்கு" என்று ஒரு எண்ணம் வருகிறதே, மீதி பாட்டிலைக் காலி செய்ய வைப்பது அதுதான் என்றார். சறுக்கியவர் தன்னிடமே சொல்லிக்கொள்ளும் அதே வார்த்தையைத்தான் வீட்டில் நாமும் சொல்கிறோம், கவனித்திருக்கிறீர்களா? எங்கள் சித்தப்பா ஒரு தடவை ஒரு கட்டிங் அடித்துவிட்டு வந்து வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசாததால் திரும்பப் போய்ப் பத்து நாள் லாட்ஜில் கிடந்தார். இன்னொரு தடவை சித்தி, எப்படித்தான் அந்தப் பொறுமை வந்ததோ, "சரி, டாக்டருக்குப் போன் போடுங்க, நான் பேசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அந்தத் தடவை இரண்டே நாளில் முடிந்தது. இதை ஒரு சூத்திரமாகச் சொல்லவில்லை, சித்தியின் இடத்தில் நான் இருந்திருந்தால் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்று குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு ஒன்று உண்டு, அதன் கூட்டங்களில் குடிக்காத நாட்களை எண்ணுவார்கள், ஒரு வருடம் ஆனால் பிறந்தநாள் மாதிரி கேக் வெட்டுவார்கள். அழகான பழக்கம்தான். ஆனால் ஒரு நாள் சறுக்கினால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும் என்பதால் வெட்கப்பட்டுக் கூட்டத்துக்கே வராமல் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் யாராவது ஏஏ பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். அதை ஆரம்பித்தவர்கள் பில் வில்சன், டாக்டர் பாப் என்ற இரண்டு குடிநோயாளிகள். 1935 மே மாதம் அமெரிக்காவின் அக்ரன் ஊரில் பில் வில்சனைச் சந்தித்த டாக்டர் பாப், சில வாரம் குடிக்காமல் இருந்தார். அப்புறம் ஒரு மருத்துவ மாநாட்டுக்கு ரயிலேறிப் போனவர் மொடாக் குடியாகத் திரும்பி வந்தார். அடுத்த சில நாளில் அவர் ஓர் ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்ததால் கைநடுக்கம் நிற்க பில்லே ஒரு பீர் வாங்கிக் கொடுத்தாராம். (இன்றைக்கு ஒரு டாக்டர் இப்படிச் செய்தால் நான்தான் முதலில் போஸ்ட் போடுவேன்.) அதுதான் பாப் குடித்த கடைசிக் குடி. ஏஏ சொல்லும் கணக்கில் அது ஜூன் 10. அந்த நாளைத்தான் ஏஏ தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. பில் அன்றைக்கு நாய் வால் கதை சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தால் ஏஏ என்ற ஒன்றே பிறந்திருக்காது.

ராத்திரியில் நாலு தடியன்களை வேனில் வரவழைத்து ஆளைத் தூக்கிப் போகச் சொல்லும் வீடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த விரக்தி புரிகிறது. ஆனால் 2017 மனநலச் சட்டத்தில் குடி, போதையால் வரும் மனநலப் பாதிப்பும் அடக்கம். ஒருவரைச் சம்மதமில்லாமல் சேர்க்க வேண்டுமென்றால் அதற்கென்று நிபந்தனைகள் இருக்கின்றன, மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், முதலில் 30 நாள் வரைதான். சங்கிலியால் கட்டிவைப்பதற்குத் தடை. "ஆறு மாசம் விட்டுடுங்க, நாங்க பாத்துக்கிறோம், நீங்க வந்து பாக்கக் கூடாது" என்று ஒரு மையம் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உரிமம் இருக்கிறதா, மனநல டாக்டர் எந்த நாளில் வருகிறார், வெளியே வந்த பிறகு எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு முழித்தால் அதுவே பதில்.

ஊசி, மாத்திரைப் பக்கம் போன பையன்கள் இருக்கிற வீடுகளுக்கு மட்டும் இது. டேபென்டடால் போன்ற வலிமாத்திரையைக் கரைத்து ஏற்றிக்கொள்ளும் பழக்கம் இங்கேயும் பரவியிருக்கிறது. இந்த மாத்திரை, ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதையை ஒரு மாதம் விட்டுவிட்டு மறுபடி தொடும்போதுதான் சாவு மிக அருகில் இருக்கிறது, ஏனென்றால் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், பையன் பழைய அளவையே எடுப்பான். மையத்திலிருந்தோ ஜெயிலிலிருந்தோ வந்த முதல் சில வாரம் மிக ஆபத்தானது. கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தால், "கோவத்துல இருக்கான், விடு" என்று விடாதீர்கள்.

குடித்துவிட்டு வந்த ராத்திரி எதையும் பேச வேண்டாம், போதையில் வாங்கும் சத்தியத்துக்கு மதிப்பில்லை. காலையில் கேட்க வேண்டியது: எத்தனை நாளாக, எவ்வளவு, கடைசியாக எப்போது. தொடர்ந்து பல நாள் குடித்திருந்தால் வீட்டில் வைத்து நிறுத்த முயலாமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான இலவச எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இதில் தமிழிலேயே பேசலாம். சித்தி மாதிரி பொறுமை எல்லோருக்கும் வராது, வரவும் வேண்டியதில்லை. கை நீட்டுகிற ஆளாக இருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்புங்கள், பெண்களுக்கான உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள். ரிவ்யூவுக்கு அவரை அண்ணனோ தம்பியோ கூட்டிப் போகட்டும்.