இறால் ஏற்றுமதி: டன் கணக்கும் டாலர் கணக்கும்

2023-24 நிதியாண்டில் இந்தியா ஏறத்தாழ 17.8 லட்சம் டன் கடல் உணவை ஏற்றுமதி செய்தபோது, அளவில் அதுவரை காணாத சாதனை என்று அது பெருமையுடன் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் டாலர் வருமானம் முந்தைய ஆண்டின் 809 கோடியிலிருந்து 738 கோடியாகச் சரிந்தது பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. அந்த வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உறைய வைத்த இறாலிலிருந்து வந்தது. 7.16 லட்சம் டன் இறாலுக்கு 488 கோடி டாலர் கிடைத்தது என்றால், கிலோவுக்கு 6.80 டாலர் அளவில்தான் நிற்கிறது. அதற்கு முந்தைய ஆண்டில் அது 7.70 டாலராக இருந்தது. அதிகமாக வளர்த்து, அதிகமாக உரித்து, அதிகமாக அனுப்பி, குறைவாகச் சம்பாதித்திருக்கிறோம்.

நாம் அனுப்புவதில் பெரும்பகுதி தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை எடுத்து, பச்சையாகவே உறைய வைத்த, வனாமி என்ற பண்ணை வகை இறால். இதில் உழைப்பு இருக்கிறது, சுத்தம் இருக்கிறது. ஆனால் இதையே ஈக்வடாரும் செய்ய முடியும், செய்தும் வருகிறது. 2023-இல் 12 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்த அந்த நாடு, சீனாவுக்குத் தலையுடன் முழு இறாலை அனுப்புவதோடு நிற்காமல், உரித்த இறாலுடன் அமெரிக்கச் சந்தையிலும் நம்மோடு மோதுகிறது. ஒரே கவுண்ட் (ஒரு பவுண்டுக்கு எத்தனை இறால் என்ற அளவு), ஒரே வகை, இரண்டு விற்பனையாளர்கள் என்றால் விலையை முடிவு செய்பவர் வாங்குபவர்தான். வியட்நாமும் தாய்லாந்தும் இந்த நெரிசலிலிருந்து பெருமளவு விலகி, வயிற்றுப்புறம் கீறி நீட்டிய நோபாஷி, மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புரா, வேகவைத்த சுஷி இறால் என்று விற்கின்றன. அவற்றுக்காக வியட்நாம் வாங்கும் மூலப்பொருளில் இந்திய இறாலும் உண்டு என்பது நமக்கு உறைக்க வேண்டும்.

சுங்க வகைப்பாட்டில், பச்சையாக உரித்து உறைய வைத்த இறால் 0306 என்ற தலைப்பிலும், உரித்து வேகவைத்ததும் ரொட்டித்தூள் பூசியதும் 1605 என்ற தலைப்பிலும் வருகின்றன. ஆண்டுதோறும் வெளியாகும் ஏற்றுமதி அறிவிப்பில் இந்த இரண்டையும் தனித்தனியே, கிலோவுக்குக் கிடைத்த விலையுடன் முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டும் என்பது என் கோரிக்கை. டன்னைக் கொண்டாடும் வரை டன்தான் பெருகும்.

வாங்கும் நாடுகளின் சட்டங்கள் இந்த இரண்டு தலைப்புகளையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. 2005 முதல் இந்திய இறால் மீது அமெரிக்கா விதித்துவரும் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலைக்கு வந்து குவியும் இறக்குமதிக்கு எதிரான கூடுதல் வரி), ரொட்டித்தூள் பூசிய இறாலைத் தொடுவதில்லை. இந்த வாசல் இருபது ஆண்டுகளாகத் திறந்தே கிடந்தும் நம்மவர்களில் மிகச் சிலரே அதில் நுழைந்தார்கள். அதே சமயம், வேகவைத்தோ பூசியோ மதிப்புக் கூட்டினால் எல்லா வரியிலிருந்தும் தப்பிவிடலாம் என்று எண்ணுவது பிழை. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியபோது பூசியது, பூசாதது என்ற பேதமே இருக்கவில்லை. விலையின் மீது விதிக்கப்படும் வரி என்பதால், விலை உயர்ந்த பொருளுக்குச் சுமையும் கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவான சுங்க விகிதமோ பச்சை இறாலுக்கு 12 சதவீதம், பதப்படுத்திய இறாலுக்கு 20 சதவீதம். மூலப்பொருளை அனுப்பு, சமையலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் இதன் பொருள். வர்த்தகப் பேச்சுகளில் இறாலை ஒரே பொருளாக வைத்துப் பேசாமல், இந்த 1605-க்காகத் தனியே வாதாட வேண்டும்.

சமைத்த இறாலுக்கு மாற ஆலைகள் தயங்குவதற்கு உரிமையாளர்களின் துணிவின்மையே காரணம் என்று சொல்வோர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பச்சை இறாலை வாங்குபவர் தம் அடுப்பில் சமைப்பார். வேகவைத்த இறாலோ பனி நீங்கியதும் நேரே தட்டுக்குப் போகும். அதில் லிஸ்டீரியா கிருமி தென்பட்டால் சரக்கு முழுவதும் போயிற்று, ஆலையின் பெயரும் போயிற்று. எனவே ஒரே கூரையின் கீழ் பச்சைப் பகுதி, சமைத்த பகுதி என்று இரண்டு ஆலைகளை நடத்த வேண்டியிருக்கிறது: ஆட்கள், கதவுகள், வடிகால், காற்றோட்டம், கருவிகள் எல்லாம் தனி. வேகவைப்பதில் சில நொடிகள் கூடினாலும் இறால் நீரை இழந்து எடை குறையும். அந்த எடைதான் லாபம். இதற்கு மேல், தடை செய்யப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளான குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் ஆகியவற்றின் எச்சங்கள் குறித்த அச்சம். இந்தியப் பண்ணை இறால் சரக்குகளில் பாதியைச் சோதிக்க வேண்டும் என்று 2016-இல் ஐரோப்பா விதித்தது. ஓரிரு ஏக்கர் குளங்களில் வளர்ந்து, தரகர் வழியே கலந்து ஆலைக்கு வரும் சரக்கில் எந்தக் குளத்து இறால் எங்கே போயிற்று என்று கண்டுபிடிப்பது எளிதன்று. இயந்திரம் வாங்கத் தரப்படும் மானியம் இந்த ஓட்டையை அடைக்காது.

பணத்தின் கதையும் வேறு. ஓர் அங்காடியின் பெயர் அச்சிட்ட பெட்டியில் அடைத்த சரக்கை, ஆர்டர் ரத்தானால் வேறு யாருக்கும் விற்க முடியாது. அமெரிக்க விதிப்படி ரொட்டித்தூள் பூசிய இறாலில் பாதி எடையாவது இறாலாக இருந்தால் போதும். மீதி மாவை இறால் விலைக்கு விற்கலாம் என்று தோன்றும், ஆனால் பெரிய சங்கிலி அங்காடிகள் கேட்கும் தூளையும் கலவையையும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். ஏற்றுமதிக்கான இத்தகைய உள்ளீடுகளை வரியின்றி இறக்குமதி செய்யும் வரம்பை, முந்தைய ஆண்டு ஏற்றுமதி மதிப்பில் 1 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக 2026-27 நிதிநிலை அறிக்கை உயர்த்தியதை முழு மனதோடு வரவேற்கிறேன். அடுத்துத் தேவைப்படுவது, நீண்ட நாள் கையிருப்பைத் தாங்கக்கூடிய குறைந்த வட்டிக் கடன்.

 

நோபாஷிக்குக் கீறுவதும், குச்சியில் கோப்பதும், வளையமாக அடுக்குவதும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. குளிர்ந்த நீரில் விரல்கள் மரக்க, கிலோ கணக்கில் கூலி வாங்கி உரிப்பவர்களே இந்த வேலைக்கும் வருவார்கள். ஆனால் இதில் வேகத்தைவிட நேர்த்திதான் முக்கியம் என்பதால் கிலோ கணக்குக் கூலி இதற்குப் பொருந்தாது. மாதச் சம்பளம், பயிற்சி, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றோடு அவர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாத ஆலை, பருவத்துக்குப் பருவம் புதிய கைகளுக்குக் கற்றுக்கொடுத்தே தன் லாபத்தை இழக்கும்.