அந்தக் காலத்து ரவிக்கையின் உள்பக்கம்

2025 செப்டம்பர் வாக்கில் முகநூல், இன்ஸ்டா எதைத் திறந்தாலும் ஒரே சேலைக் கூட்டம். ஜெமினி செயலியில் சொந்தப் படத்தை ஏற்றினால் போதும், சிஃபான் சேலை, காதோரம் பூ, மாலை வெயில் எல்லாம் சேர்த்து ஒரு 'ரெட்ரோ லுக்' தந்துவிடும். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் போட்டார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் படத்தைப் போட்டவர்களில் பல பேர் வீட்டு பீரோவில் நிஜமான எழுபதுகளின் சேலை, பாச்சை உருண்டை வாசத்தோடு மடித்தபடி கிடக்கிறது. அதை எடுத்து ஒரு நாள் ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போகச் சொன்னால், "ஐயோ, அதுவா!" என்கிறார்கள்.

நான் கட்டுகிறேன். அம்மாவுடைய சேலை, அத்தை கொடுத்த சேலை, கையில் அப்பாவின் சாவி கொடுக்கும் எச்.எம்.டி வாட்ச் (மத்திய அரசு நிறுவனத்தின் பழைய தயாரிப்பு). இதைப் பார்த்துக் கிண்டல் செய்பவர்கள் உண்டு, அதில் எனக்கு வருத்தமில்லை. "நம்ம பாரம்பரியத்தைக் காப்பாத்துறீங்க மேடம்" என்று கும்பிடுகிறவர்களைக் கண்டால்தான் கொஞ்சம் பயம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ரவிக்கை. அம்மாவின் பழைய டூ பை டூ ரூபியா ரவிக்கை எதையாவது உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு தையல் அல்ல, மூன்று வரிசை ஓடும். கடைசித் தையலுக்கு வெளியேயும் ஒரு விரற்கடை துணி மிச்சம் இருக்கும். உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரிக்கலாம். பிள்ளை பெற்ற பிறகு இன்னொன்று. கைப்பக்கமும் அப்படித்தான், மடித்துத் தைத்த துணியைப் பிரித்தால் கை நீளம் கூடும். அதாவது தைக்கும்போதே அந்த டெய்லர், இந்தப் பெண்ணின் உடம்பு மாறும், ரவிக்கை மாறாது என்று கணக்குப் போட்டிருக்கிறார். என்னுடைய அம்மாவின் மெரூன் ரவிக்கையில் பிரித்த தையலின் ஊசித் துளைகள் இன்னும் வரிசையாகத் தெரிகின்றன. பிரித்த இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல் பழைய நிறத்திலேயே இருக்கிறது.

இப்போது ரெடிமேடாக வாங்கும் ரவிக்கையையோ குர்தியையோ திருப்பிப் பாருங்கள். ஓரம் நூல் பிரியாமலிருக்க மிஷினில் ஓவர்லாக் அடித்து, தையலை ஒட்டி நறுக்கியிருப்பார்கள். பிரிக்க ஒன்றும் இருக்காது. உடம்பு அரை இஞ்ச் கூடினால் துணி குப்பைக்கு, அல்லது தெருவில் வரும் 'பழைய துணிக்குப் பாத்திரம்' காரருக்கு. எனக்குப் பழைய பாணி பிடித்துப்போனதற்குக் காரணம் பஃப் கையோ படகுக் கழுத்தோ இல்லை. இந்த உள்பக்கம்தான். பிரிக்கலாம், பிரித்துத் திரும்பச் சேர்க்கலாம், அதைச் செய்ய ஊரில் ஒரு ஆள் இருந்தார். ரெட்ரோ என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வெளித்தோற்றத்தை மட்டும் காப்பியடித்து, உள்ளே ஓவர்லாக் அடித்து விற்றால் அது மாறுவேடப் போட்டிக்குத்தான் ஆகும்.

மதுரைக்காரர்களுக்குப் புதுமண்டபம் நினைவிருக்கும். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, நாயக்கர் காலத்துச் சிற்பத் தூண்களுக்கு நடுவில் டெய்லர்கள் மிஷின் போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். துணியைக் கொடுத்துவிட்டுக் கோயிலைச் சுற்றி வந்தால் தைத்து வைத்திருப்பார்கள். மண்டபத்தைக் காலி செய்து கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு அது நல்லதுதான், தூண்களுக்கும் மூச்சு வேண்டுமே. என் கவலை வேறு. ரெட்ரோ, ரெட்ரோ என்று பேசும் நாம் இந்த மாதிரி ஆட்களிடம் எத்தனை முறை போகிறோம்?

சுங்குடிச் சேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'வின்டேஜ் மதுரை சுங்குடி' என்று ஆன்லைனில் விற்பதில் பெரும்பகுதி அச்சு. மெழுகு அச்சோ, ஸ்கிரீன் அச்சோ. அச்சு மோசம் என்று சொல்லவில்லை, நானும் வீட்டுக்குக் கட்டுகிறேன், வெயிலுக்கு அதைப்போல வராது. ஆனால் சுங்குடி என்பது முடிச்சு. சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் துணியைத் துளித்துளியாகக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் பிரிப்பார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அசல் முடிச்சுச் சேலையில் ஒரு புள்ளியும் அடுத்த புள்ளியும் ஒன்றுபோல இருக்காது. வட்டம் கொஞ்சம் கோணும், நடுவில் சாயம் ஒரு பொட்டாக நிற்கும், விரலால் தடவினால் துணி லேசாகப் புடைத்திருப்பது தெரியும். 2005-லேயே புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். குறியீடு கிடைத்ததே தவிர முடிச்சுப் போட உட்காருகிறவர்கள் கூடவில்லை. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு, அதற்குக் கிடைக்கும் கூலியைப் பார்த்தால் அவர்கள் பிள்ளைகள் ஏன் அந்தப் பக்கமே வரவில்லை என்று புரியும்.

காஞ்சிபுரம் பட்டின் கதை இன்னும் கொடுமை. பழைய கோர்வைச் சேலையில் கரையும் உடலும் சேரும் இடம், கரைக்கு ஒருவர் உடலுக்கு ஒருவர் என்று தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து கோத்தது. ஜரிகை என்றால் பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் எட்டிப் பார்க்கும். அந்த வெள்ளிக்காகத்தான் "பழைய பட்டுப்புடவை எடுக்கிறோம்" என்று தெருத்தெருவாக வருகிறார்கள். கொண்டுபோய் எரித்து வெள்ளியைப் பிரித்துவிடுவார்கள். பாட்டியின் கல்யாணப் பட்டை எடைக்குப் போட்டுவிட்டு, அதே மாதிரி கரை வைத்த பாலியஸ்டர் ஜரிகைச் சேலையை 'வின்டேஜ் கலெக்‌ஷன்' என்று வாங்குகிற வீடுகளை எனக்கே தெரியும்.

பட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாச்சை உருண்டையைப் பட்டோடு போடாதீர்கள், ஜரிகை கறுத்துவிடும். துவைத்துத் துவைத்து மெல்லிசான வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள், அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே பட்டு இற்றுப்போகும். இதைவிட எளிய வழி, எடுத்துக் கட்டுவது.

அப்புறம் வாட்ச். எச்.எம்.டி 1961-ல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. ஜனதா, பைலட், கோகினூர் என்று ஒரு தலைமுறையே அதைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனது. 1984-ல் டாடாவும் நம் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பித்தார்கள். ஓசூரிலிருந்து பேட்டரி வாட்ச் வரிசையாக வந்து இறங்க, சாவி கொடுக்கிற வேலையை யார் விரும்புவார்கள்? 2016 ஜனவரியில் எச்.எம்.டி-யின் வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. சாகும்வரை சீண்டாமல் இருந்துவிட்டு, செத்த பிறகு விலை ஏற்றுவது நம் வழக்கம். இதற்கும் ஏறியது. ஏறியதும் போலி வந்தது. ஒரு வாட்சின் கூடு, இன்னொன்றின் எந்திரம், மேலே புதிதாகப் பெயிண்ட் அடித்த ஆரஞ்சு, கிளிப்பச்சை டயல், எல்லாம் சேர்த்து 'ஒரிஜினல் வின்டேஜ்' என்று படம் போடுகிறார்கள்.

என்னுடையதை ஒரு பெட்டிக்கடை அளவு கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் பார்த்துக்கொள்கிறார். கண்ணில் லென்ஸைச் செருகி, பின்மூடியைக் கழற்றி, "ஆயில் காஞ்சிருச்சும்மா, வேற ஒண்ணுமில்ல" என்பார். அவர் மகன் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். பிறகு யார் பார்ப்பார்கள் என்று கேட்டதற்கு, "அதுக்குள்ள நீங்களும் செல்லுல மணி பாக்கப் பழகிருவீங்க" என்று சிரித்தார்.

இனி அந்தக் கும்பிடு போடுகிறவர்கள் விஷயம்.

'அந்தக் காலத்துல எல்லாமே இயற்கை, எல்லாமே நல்லது' என்ற பேச்சு எனக்கு ஒத்துவராது. எழுபதுகளின் பெருமையே நைலக்ஸ் சேலை, டெர்லின் சட்டை என்ற செயற்கை இழைத் துணிகள்தான். கசங்காது, சீக்கிரம் காயும், இஸ்திரி வேண்டாம் என்று ஊரே அதன் பின்னால் போனது. வேர்வையை உறிஞ்சாது. அடுப்படியில் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதுவும் வின்டேஜ்தான். எனக்கு வேண்டாம்.

அம்மிக்கல், ஆட்டுக்கல் புகழ் பாடும் பதிவுகளில் ஒன்றைக் கவனியுங்கள், பெரும்பாலும் எழுதுவது ஆண்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் 1950களில் மாவாட்டும் கல்லுக்கு மோட்டார் மாட்டியபோது விடுதலையானது எங்கள் வீட்டுப் பெண்களின் தோள்பட்டை. 2011-ல் தமிழக அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாகக் கொடுத்ததை நக்கல் அடித்தவர்கள், விடிகாலையில் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தவர்கள் இல்லை. ஆசைப்பட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு துவையல் அரைப்பது வேறு. ஆறு பேருக்குத் தினம் இட்லி மாவு ஆட்டுவது வேறு. அம்மி ருசி வேண்டுமென்றால் தாராளமாக அரைக்கலாம் சார், குழவி பக்கத்திலேயேதான் இருக்கிறது.

உடுப்பில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அந்தக் காலத்து உடை அழகு என்கிறோமே, யார் எதை உடுத்தலாம் என்று சாதி முடிவு செய்த காலம் அது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்குப் பல்லாண்டு போராடி, அடிபட்டு, 1859-ல்தான் அரசாணை வந்தது. அதுவும் மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தக் காலம் முழுசாக வேண்டும் என்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

என் ஆபீஸ் தோழி ஒருத்தி ஒரு நாள் நேராகவே கேட்டாள். "உங்க வீட்டுல பீரோ இருந்துச்சு, அதுல சேலை இருந்துச்சு. எடுத்துக் கட்டுறீங்க, ரெட்ரோங்கிறீங்க. எங்க வீட்டுல பழைய துணின்னா யாரோ கட்டிக் கழிச்சுக் குடுத்ததுதான், அக்கா. எங்கம்மா தீபாவளிக்குப் புதுசு வாங்கிக் குடுக்க என்ன பாடு பட்டாங்கன்னு எனக்குத்தான் தெரியும். எனக்குப் புதுசு வாசம்தான் வேணும்." இதற்கு நான் என்ன பதில் சொல்வது? அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க முடியாது. வெளிநாடுகளில் கௌரவமாக நடக்கும் பழைய துணிக்கடைகள் இங்கே தயங்கித் தயங்கி வருவதற்கு இது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். வெறும் 'மனநிலை மாறணும்' என்று அறிவுரை சொல்லிக் கடந்துபோகிற விஷயமில்லை. அதனால் பழையதைக் கட்டுங்கள் என்று எல்லோருக்கும் நான் பிரசாரம் செய்வதில்லை. புதுத்துணி வாங்குகிறவளுக்கும் நான் சொல்வது அந்த உள்பக்கம் பற்றித்தான். புதுசையே பிரிக்கிற மாதிரி தைக்கச் சொல்லலாமே. தோழி இதை மட்டும் ஒத்துக்கொண்டாள், "அதுல காசு மிச்சமாகும்ல" என்ற ஒரே காரணத்துக்காக. காரணம் எதுவானால் என்ன.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: இது மலிவான பொழுதுபோக்கு என்று சொல்லமாட்டேன். பழைய பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவர் கேட்கும் கூலிக்கு ஒரு சின்ன நான்ஸ்டிக் சட்டியே வாங்கிவிடலாம் போலிருக்கும். ஆனால் பித்தளைப் பாத்திரத்தில் புளி ஊற்றிச் சமைக்க அந்தப் பூச்சு இல்லாமல் ஆகாது, களிம்பு ஏறும். பளபளவென்று வார்னிஷ் அடித்த பித்தளையை வாங்கி ஷோகேஸில் அடுக்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் சமைக்கப் போவதும் இல்லை.

கடைசியாக, இன்பாக்ஸில் அடிக்கடி வரும் கேள்விகளுக்கு மொத்தமாகப் பதில். எச்.எம்.டி ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் பின்மூடியைத் திறந்து எந்திரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். முடிச்சுச் சுங்குடி வாங்கும்போது சேலையைத் திருப்பி, புள்ளிகளைத் தடவிப் பாருங்கள், விலையைப் பேரம் பேசாதீர்கள். அம்மாவின் ரவிக்கையை உங்கள் அளவுக்கு மாற்றப் போகிறீர்களென்றால் பழைய தையலை நீங்களே வீட்டில் உட்கார்ந்து பிரித்துக் கொண்டுபோங்கள், பிரிக்கிற வேலைக்கு எந்த டெய்லரும் சந்தோஷமாகச் சம்மதிப்பதில்லை. புதிதாகத் தைக்கக் கொடுக்கிறவர்கள் துணியை வெட்டுவதற்கு முன்னாலேயே "உள்ளே ஒரு இஞ்ச் விடுங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள். வெட்டிய பிறகு சொல்லிப் பிரயோஜனமில்லை.