ஜீனோவை விட்டுவிட்டீர்களே!

தொலைக்காட்சியின் மறக்க முடியாத ரோபோக்கள் என்று பத்துப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். பத்தும் வெளிநாட்டுச் சரக்கு! சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொடராக வந்ததே, அந்த ஜீனோ எங்கே? மாம்பலத்தில் எதிர்வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தவன் நான். படப்பிடிப்பு எளிமையானதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதாநாயகி நிலாவோடு சேர்ந்துகொண்ட அந்த இயந்திர நாய் புத்தகம் படிக்கும், எதிர்க்கேள்வி கேட்கும், மெல்ல மெல்லத் தானாகவே யோசிக்கத் தொடங்கிவிடும். 1977-ல் ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் தொடரில் வந்த கே-9 என்ற இயந்திர நாய்க்கு மட்டும் இடம் உண்டாம்!

இன்னொன்று. ‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ என்ற அமெரிக்கத் தொடரின் ரோபோவுக்கு பாப் மே பெயரை மட்டும் போட்டிருக்கிறீர்கள். 1965 முதல் 1968 வரை அந்தக் கூட்டுக்குள் புகுந்து நடித்தவர் அவர்தான். “ஆபத்து” என்று அலறிய குரலோ டிக் டஃபெல்டுடையது. உள்ளே கிடந்து வியர்த்தவர் ஒருவர், காதில் நிற்பவர் இன்னொருவர்.

என் பேத்திக்கு டோரேமானைத் தவிர வேறு ரோபோ கிடையாது. அது பூனை என்றாலே சண்டைக்கு வருகிறாள்.